பிறந்த வீட்டு மூட்டை

பாப்பா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பேன். நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய், உன் வனத்துறை ரேஞ்சர் ஐயா முன்னால் உட்கார்ந்து, அவர் எழுதுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். முன்னாலேயே போட்டால் நீ சொல்லிக்கொடுத்து நான் சொன்னதாக ஆகிவிடும் என்று உனக்குப் பயம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் நான் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாயே தவிர, ஒரு வாய் வைக்கவில்லை. "என்னை செக்போஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்கம்மா. உங்கம்மா இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி மூட்டையோட வந்திருக்காங்கன்னு கேக்குறாங்க" என்றாய். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டித் தடுத்தாய். "கேஸைப் பத்தி எங்கிட்ட பேசாதம்மா. நீ எதிரி, நான் டிபார்ட்மென்ட். உண்மையைச் சொல்லுன்னுகூட நான் சொல்லக் கூடாது." எதிரி என்றால் கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பெற்ற பெண் வாயால் அந்தச் சொல்லைக் கேட்கிற நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. மாமியாரிடம் எதிர்த்துப் பேசாதே, மாப்பிள்ளையிடம் சம்பளக் கவரை அப்படியே நீட்டாதே என்று ஊரிலுள்ள அம்மாக்களெல்லாம் சொல்கிற புத்தியை நானும் சொல்ல வேண்டிய நேரம். சொல்ல எனக்கு ஆசை இல்லாமலா இருக்கிறது? வாயைத் திறந்தால் அந்த பஸ்தான் வந்து நிற்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நீ பார்த்தது செக்போஸ்டில் நின்றுகொண்டு. ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் பார்த்ததை நீ கேட்டதே இல்லை. கேட்கவும் உனக்கு உரிமை இல்லை என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குத்தான் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. முதல் பத்திரிகையை நம் கருக்களாச்சேரி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, அடுத்ததை உன் ஆபீஸ்காரர்களுக்கு நேரில் கொடுக்கவேண்டும் என்று கிளம்பினேன். கூடையில் பத்திரிகை, குங்குமம், உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு. வாசலில் செருப்பைப் போடும்போது உன் மாமன் படகுத் துறையிலிருந்து நேராக வந்தான். கையில் ஒரு துணி மூட்டை. "அக்கா, வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் வந்து இதை வாங்கிக்குவாரு. கருவாடுதான்" என்றான். வாங்கிக் கூடையில் வைத்தேன். கருவாட்டு வாசனைதான் வந்தது. வாசனை வராமலிருந்தாலும் நான் பிரித்திருக்க மாட்டேன். கூடப்பிறந்தவன் கட்டின முடிச்சை அக்கா தங்கை அவன் எதிரில் அவிழ்ப்பதுமில்லை, வழியில் அவிழ்ப்பதுமில்லை. பிறந்த வீட்டிலிருந்து வருவது அரிசியோ புடவையோ, போய்ச் சேர்கிற இடத்தில் சாமி முன்னால் வைத்துத்தான் பிரிப்போம். நடுவில் பிரித்துப் பார்த்தால் உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். இதைப் போய் நாளைக்கு ரேஞ்சர் ஐயாவிடம் எப்படிச் சொல்வது? கேட்கிறவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

வேதாரண்யத்தில் யாரும் வரவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தேன். தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சரி, பாப்பா வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த பஸ்ஸில் ஏறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! பிடிக்கவே கூடாது என்று அரசாங்கம் தடுத்து வைத்திருக்கிற கடல் அட்டையைத் தூக்கிக்கொண்டு, சரணாலயத்து வாசலுக்கு, அங்கே காவலுக்கு நிற்கிற என் பெண்ணிடமே போகிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பார்களே, அது நான்தான்.

செக்போஸ்டில் பஸ் நின்றது. காக்கியில் நீ ஏறினாய். கடல் அட்டை பஸ்ஸில் வருவதாகத் தகவல், எல்லாரும் பையைத் திறந்து காட்டுங்கள் என்றாய். என்னைப் பார்த்ததும் உன் கண் மட்டும் சிரித்தது. என் கூடைக்கு மேல் இருந்த பத்திரிகைக் கட்டைத் தொட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனாய். கடைசியில் வந்து பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் பூக்கூடையோடு ஒருத்தி இருந்தாளே, வழியெல்லாம் நான் உன் பெருமையை அளக்கக் கேட்டுக்கொண்டு வந்தவள், அவள் விடவில்லை. "எங்க பையை எல்லாம் கொட்டிப் பாக்குறீங்க. அம்மான்னா மட்டும் கூடை தொறக்காதோ?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! "என் மவ ஒண்ணும் அப்படிப்பட்டவ இல்ல. தொற பாப்பா, எல்லாத்தையும் கொட்டிப் பாரு. இவ கண்ணு குளிரட்டும்" என்று நானே கூடையைத் தூக்கி உன்னிடம் கொடுத்தேன்.

மேலே கருவாடு. கீழே கருகிப்போன கத்தரிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்த அந்தச் சனியன்கள். "இது யாருதும்மா?" என்று கேட்டாய். உன் குரலே இல்லை அது. உன் மாமன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பாப்பா. வந்து திரும்பிப் போய்விட்டது. "என்னுதுதான்" என்றேன். நீ பேனாவை மூடி, கூட வந்த வனவரிடம் கொடுத்தாய். "சார், இதை நான் எழுதக் கூடாது. இவங்க எங்க அம்மா. நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். ரேஞ்சர் ஐயா என் வயதைப் பார்த்து, கூப்பிடும்போது வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பினார். பத்திரிகையை அந்த ஆபீஸில் யாரிடமும் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது?

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எந்த நாளும் அடுப்பு அணைந்ததில்லை என்றால் அது அவனால்தான். படகு கரைக்கு வந்ததும் தன் வீட்டுக்குக் கறிமீன் எடுப்பதற்கு முன்னால் நம் வீட்டுக்கு எடுத்து வைப்பான். உனக்குக் காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். நீ கத்தின கத்தலில் அவனும் அழுதான், ஊரே கேலி செய்தது. வனக்காப்பாளர் வேலைக்கு நடைத் தேர்வு உண்டு என்று சொன்னதும், கடலிலிருந்து வந்த களைப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே மணல் ரோட்டில் வந்தானே. "காலை எட்டிப் போடு மருமவளே, அரசாங்கம் பாத்துக்கிட்டு இருக்கு" என்று கத்திக்கொண்டே வருவான். கல்யாணத்தன்று மணவறைக்கு உன்னைக் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியவன் அவன். அவன் பெயரை பஸ்ஸில் நாற்பது பேர் நடுவே எப்படிச் சொல்வேன்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. ஆடியது. என் பெண்ணின் சதையும் நான்தான் என்பது அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று.

உன் வேலையை முதலில் நான் மதிக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் ஆமை முட்டையைத் தோண்டி எடுத்து வேலி கட்டின இடத்தில் புதைக்கிற வேலை என்று நீ சொன்னபோது ஊரில் என்ன பேச்சுப் பேசினார்கள்! ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, உன் வீட்டில் இரண்டும் ஒரே ஆளாகப் புகுந்திருக்கிறது என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருமுறை உன்னோடு வந்து தங்கியபோதுதான் பார்த்தேன். விடிந்ததும் கரையோரம் நடக்கிறாய். வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கின ஆமையை டேப் வைத்து அளந்து, எழுதி, குழி வெட்டிப் புதைக்கிறாய். நாற்றத்தில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. நீ முந்தானை மாதிரி ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "இது பரவால்லம்மா, புதுசு" என்றாய். கோடையில் தண்ணீர் லாரி வரவில்லை என்று போனில் யாரோடோ சண்டை. வந்தால் தொட்டி தொட்டியாக நிரப்பி, மான் வந்து குடிக்கிறதா என்று தூரத்தில் நின்று பார்க்கிறாய். நாய் துரத்தின மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டு டாக்டரைத் தேடி ஓடுகிறாய். உப்பளத்து ஓரம் கொக்குக்குக் கட்டின வலையை அறுத்து எடுத்து, சிக்கின காலை நகத்தால் பிரித்துப் பிரித்து விடுகிறாய். துப்பாக்கியும் சண்டையும் என்று நான் சினிமாவில் பார்த்தது எதுவும் இல்லை. நடப்பது, எழுதுவது, ஏச்சு வாங்குவது. அதுதான் உன் வேலை.

அந்த முறை ஒரு அம்மாள் விறகுக்கட்டோடு காட்டுக்குள்ளேயிருந்து வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? என் வயதுதான் இருக்கும். நீ அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டாய். அவள் மண்ணை வாரித் தூற்றினாள். நீ வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, "அவங்க என்னைப் பாத்த பார்வை உன் பார்வை மாதிரியே இருந்துச்சும்மா" என்றாய். "பாத்தும் பாக்காத மாதிரி போயேண்டி, ஒரு கட்டு விறகுல காடு அழிஞ்சிடுமா?" என்று திட்டினேன். "ஒருத்தருக்குக் கண்ணை மூடினா அப்புறம் யாருக்கும் தொறக்க முடியாதும்மா" என்றாய். பெரிய நீதிபதி வந்துவிட்டாள் என்று நொடித்துக்கொண்டேன். பஸ்ஸில் நீ என் கூடையைத் தாண்டிப் போன அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இப்போது உன் மேலதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கூடை என்று தெரிந்துதானே விட்டாய் என்கிறார்கள். நான் "என்னுது" என்று சொன்ன சொல்லை மாற்றாத வரைக்கும், நீயும் நானும் சேர்ந்து நடத்தின வியாபாரம் என்றுதான் அது நிற்கும்.

உன் மாமன் அன்றைக்கே வந்தான். "எதுக்குடா செஞ்சே?" என்றேன். தலை நிமிரவில்லை. "வலையில தானா வந்துச்சுக்கா. வருஷமாவே மீன்பாடு சரியில்ல. திருப்பிக் கடல்ல போட மனசு வரலை. பாப்பா கழுத்துக்கு ஒரு சங்கிலி போடாம எப்படிக்கா நான் மேடையில நிப்பேன்?" என்றான். இழுத்து ஒரு அறை விட்டிருக்க வேண்டும். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மெல்லச் சொன்னான்: "நீ சொன்னதே இருக்கட்டும்க்கா. வயசான பொம்பளை, டிபார்ட்மென்ட்காரி அம்மா. அபராதத்தோட விட்டுடுவாங்க. நான்னு தெரிஞ்சா படகு போயிடும், என்னையும் உள்ள வச்சுடுவாங்க." மறுநாள் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவரும் வந்து வாசலிலேயே நின்றார். "ஊரு விஷயம் ஊரோட முடியட்டும்மா. அந்தப் படகை நம்பி நாலு வீடு இருக்கு. அண்ணன் தம்பியைக் காட்டிக் கொடுத்தா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?" என்றார். மிரட்டலா, கவலையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லையே. சம்பந்தி அம்மாவும் போன் செய்தார். "தாய்மாமன் இல்லாம பொண்ணு எப்புடிங்க மேடைக்கு வரும்?" என்று ஒரு மூச்சு, "கேஸ் இருக்குற வீடுன்னு எங்க பக்கம் பேசுறாங்க" என்று ஒரு மூச்சு. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, சனி பிடித்திருக்கிறது, திருநள்ளாறு போய்க் குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா என்கிறாள். எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து சனியைக் கழித்துவிட்டுப் போகிறது. கூடப்பிறந்தவனை எந்தக் குளத்தில் கழிப்பது?

இத்தனை நாளாக நான் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் தம்பி போவான், சொல்லாவிட்டால் நீ போவாய். ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது முடிவு செய்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அவன் படகு போனால் கூலிக்காவது கடலுக்குப் போவான். உன் பெயர் போனால் நீ எங்கே போய் நடப்பாய்? அந்த விறகுக்காரியின் எதிரில் இனிமேல் எப்படி நிற்பாய்? நாளைக்கு என்னிடம் யாருடையது என்று கேட்பார்கள். என் தம்பியுடையது, கருவாடு என்று கொடுத்தான், நான் பிரித்துப் பார்க்கவில்லை, பஸ்ஸில் பொய் சொன்னேன் என்று சொல்வேன். நம்பினால் நம்பட்டும். நம்பாவிட்டால் நான் உள்ளே போகிறேன். கல்யாணம் நடக்குமா நின்றுபோகுமா என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை இதுவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புத்தி சொல்கிற அம்மாவாக உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது: யார் கொடுத்தாலும் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கு. எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். ஏன் என்று கேள்.

இன்று காலை துறைக்குப் போனேன். உன் மாமன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நாளைக்கு உன் பேரைச் சொல்லப் போறேன்டா." கத்துவான், காலில் விழுவான் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் கை மட்டும் நின்றது. "சரிக்கா" என்றான். எழுந்து, கரையோரமே இருக்கிற தன் வீட்டுக்குள் போய்ப் புதுத் துண்டில் கட்டின ஒரு மூட்டையை எடுத்துவந்தான். "கல்யாணத்துக்கு நான் வர முடியாது. இதைப் பாப்பாகிட்ட கொடுத்துடு" என்று என் கையில் வைத்தான்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். ஐந்தாறு அடிகூடப் போயிருக்க மாட்டேன். கால் நின்றுவிட்டது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, பாப்பா. அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். மூட்டையை மணலில் வைத்து, குந்தி உட்கார்ந்து, அவன் போட்ட முடிச்சை அவிழ்த்தேன். என் கூடைக்குள் கையை விட்டபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. "பாத்துட்டியாக்கா?" என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மறுபடி கட்டப் பார்த்தேன், அவன் கட்டின மாதிரி முடிச்சு விழவில்லை. அப்படியே அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பக்கத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் கிழங்கு, குங்குமம், அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை. நன்றாக உதறிப் பார்த்துவிட்டேன், பாப்பா. புடவைதான் இருந்தது.

உன் அம்மா